அண்ணாவைத் தேடும் அறையும் சிகிச்சை அறையும்

திருகோணமலையிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் ஒன்றை எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி, அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன். அவருக்கு வயது 29. பேராதனையில் உளவியலைச் சிறப்புப் பாடமாகப் படித்துவிட்டு, மருத்துவ உளவியலில் முதுதத்துவமாணிப் பட்டத்தையும் முடித்து, இலங்கை மருத்துவ சபையின் பதிவுக்காகக் காத்திருக்கிறார். முப்படைகளிலிருந்து விலகியவர்களுக்கும் போரில் அவயவம் இழந்த சிப்பாய்களுக்கும் சிகிச்சை அளிக்கும் ஒரு நிலையம், அவருடைய சொந்த மாவட்டத்திலேயே இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் உளவியலாளர் பதவி தர முன்வந்திருக்கிறது. வைத்தியசாலை ஒன்றின் மனநலக் கிளினிக்கில் ஓராண்டுத் திட்டப் பணியொன்றும் கிடைக்கக்கூடும். ஆனால் அதன் சம்பளம் பாதிதான்.

2007ஆம் ஆண்டு, இவருக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, வேலை முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்த இவருடைய அண்ணாவை வெள்ளை வானொன்றில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சைக்கிள் மட்டும் வீடு வந்து சேர்ந்தது. அம்மா இன்றும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோணேசர் கோயிலுக்குப் போகிறார். பிரட்றிக் கோட்டை வாசலில் நிற்கும் சிப்பாயைக் கடக்கும்போது மட்டும் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொள்வாராம். மகளுக்கு வந்த வேலையைப் பற்றிக் கேள்விப்பட்டபோது அவர் சொன்னது ஒரே வாக்கியம்: “அண்ணாவைக் கொண்டுபோனவங்களுக்கே நீ மருந்து கட்டப் போறியோ?”

இது துரோகமா, எனக்கு இந்தத் தகுதி இருக்கிறதா, வாழ்நாள் முழுவதும் செய்யக்கூடிய தொழிலா இது, நோயாளி ‘எந்த ஊர்’ என்று கேட்டால் என்ன சொல்வது என்று வாசகி கேட்கிறார். கடைசிப் பக்கத்தின் அடியில், ஒருமுறை எழுதி வெட்டி மறுபடியும் எழுதிய ஒரு வரி இருக்கிறது: “அங்கே வருகிறவர்களில் யாருக்காவது அண்ணாவைப் பற்றித் தெரிந்திருக்கலாம் அல்லவா?”

அன்பான மகளுக்கு,

நீங்கள் வெட்டி மீண்டும் எழுதிய அந்த வரியைத்தான் நான் முதலில் வாசித்தேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்வேன். ஆனால் நீங்கள் இந்தப் பதவியை ஏற்கலாமா கூடாதா என்பது பெரும்பாலும் அந்த ஒரு வரியில்தான் தங்கியிருக்கிறது.

நானும் திருகோணமலையில் பிறந்தவள். இங்கிலாந்தில் பயிற்சி பெற்று, அங்கே படையிலிருந்து விலகியவர்களுக்கான சிகிச்சைப் பிரிவில் பத்து ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்துவிட்டு, போர் முடிந்து இரண்டு ஆண்டுகளின் பின் ஊர் திரும்பினேன். 1982ஆம் ஆண்டின் போக்லாந்துப் போரில் கப்பல் எரிந்தபோது உயிர் தப்பிய மாலுமிகள் சிலர் எனது முதல் நோயாளிகள். அவர்களோடு எனக்குப் பகையும் இல்லை, உறவும் இல்லை. அதனால் அந்த வேலை எனக்கு இலகுவாக இருந்தது. அந்த இலகுவை நான் என்னுடைய திறமை என்று தவறாக எண்ணிக்கொண்டேன். ஊருக்கு வந்த பிறகு முன்னாள் போராளிகளையும் முன்னாள் சிப்பாய்களையும் பார்க்கத் தொடங்கியபோது, எனக்கு எல்லாம் பழகிவிட்டது என்ற நினைப்போடுதான் கதவைத் திறந்தேன்.

முதல் ஆண்டிலேயே ஒருவர் வந்தார். நாற்பது வயதுக்குக் கிட்டிய, இராணுவத்திலிருந்து விலகிய சிங்களவர். இரவில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் உறக்கம் இல்லை, மனைவி பிள்ளைகளோடு எரிந்து விழுகிறார், கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார முடியவில்லை. இரண்டாவது சந்திப்பில், தான் காவல் நின்ற ஒரு சோதனைச்சாவடியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அது என்னுடைய சித்தியின் மகன் கடைசியாகக் காணப்பட்ட இடத்துக்கு ஒரு கட்டைத் தூரத்தில் இருந்த சாவடி. எந்த ஆண்டு என்று கேட்டேன். எந்த மாதம் என்று கேட்டேன். பகலிலா இரவிலா என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிகவும் மரியாதையாகச் சிங்களத்தில் கேட்டார்: “மிஸ் யாரையாவது தேடுகிறீர்களா?” அடுத்த வாரம் அவர் வரவில்லை, அதன் பின்னரும் வரவில்லை. அன்று மாலை நான் எழுதிய குறிப்புத் தாளை எடுத்துப் பார்த்தேன். இடப்பெயர்களும் ஆண்டுகளும் இருந்தன. அவருடைய உறக்கத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இதை உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை. அந்த மனிதருக்கு நான் செய்த தவறு பெரிது. ஒரு வைத்தியசாலைக் கதவை அவர் தட்டுவதற்கே பல ஆண்டுகள் எடுத்திருக்கும், அந்தக் கதவை நான் அடைத்துவிட்டேன். என்னுடைய சித்திக்கும் அதனால் ஒன்றும் கிடைக்கவில்லை. காணாமற்போன ஒருவரைத் தேடும் வேலையையும் நோயாளிக்குச் சிகிச்சை அளிக்கும் வேலையையும் ஒரே அறையில், ஒரே ஆள் செய்ய முடியாது. ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும். நீங்கள் என்னைவிட நல்லவராக இருக்கலாம், கவனமானவராக இருக்கலாம். இருந்தாலும் 2007ஐயும் திருகோணமலையையும் ஒரே வாக்கியத்தில் ஒரு நோயாளி சொல்லும் நிமிடத்தில், உங்கள் காது அவரிடமிருந்து அகன்று அண்ணாவிடம் போகும். போகாவிட்டால்தான் எனக்கு ஆச்சரியம்.

துரோகமா என்ற கேள்வி

அம்மாவின் வாக்கியத்தில் நீதியான கோபம் இருக்கிறது. 2006 ஜனவரி 2ஆம் திகதி நம்முடைய கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த 13 விசேட அதிரடிப் படையினரும் போதிய சாட்சியம் இல்லையென்று 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தாய், சீருடை அணிந்த எவரையும் நோயாளியாகப் பார்க்க மறுப்பதில் வியப்பில்லை. அவரைத் திருத்த முயல வேண்டாம்.

ஆனால் நீங்கள் உங்கள் கடிதத்தில் எழுதியிருக்கும் ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது. “அவர்களுக்குச் சிகிச்சை செய்தால், செய்ததை மன்னித்ததாகிவிடும்” என்கிறீர்கள். சிகிச்சைக்கும் மன்னிப்புக்கும் தொடர்பு இல்லை. ஒருவருடைய கொடுங்கனவைக் குறைப்பது அவரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாகாது. அந்த அதிகாரம் நமக்கு இல்லை, நாம் அதைக் கேட்கவும் கூடாது. சொல்லப்போனால், நன்றாகச் செய்யப்படும் சிகிச்சை பல வேளைகளில் ஒருவரைத் தன் செயலின் பொறுப்புக்கு அருகில்தான் கொண்டுபோய் நிறுத்துகிறது. பொஸ்டனில் வியட்நாம் போர்ச் சிப்பாய்களைப் பார்த்துவந்த உளமருத்துவர் ஜோனதன் ஷே, 1990களில் ‘அறக்காயம்’ என்று நாம் தமிழில் சொல்லக்கூடிய ஒரு நிலையைப் பற்றி எழுதினார். 2009இல் பிறெற் லிற்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் அதை மேலும் விரித்தார்கள். பயத்தால் வரும் காயம் வேறு. தான் செய்ததாலோ, தடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றதாலோ, மேலதிகாரி தன்னைக் கைவிட்டதாலோ வரும் காயம் வேறு. இரண்டாவது வகைக் காயத்தோடு வருகிறவரிடம் “உங்கள் மீது பிழை இல்லை” என்று அவசரமாகச் சொல்லும் உளவியலாளர், அவர் வாயைத்தான் அடைக்கிறார்.

இன்னொன்றையும் அம்மாவுக்காகச் சொல்லவேண்டும். அவருடைய நிலைக்கு நம்முடைய துறையில் ஒரு பெயர் இருக்கிறது. உடலும் கிடைக்கவில்லை, உயிரோடிருக்கும் செய்தியும் இல்லை. அழுது முடிக்கவும் முடியாது, காத்திருப்பதை நிறுத்தவும் முடியாது. இதைத் ‘தெளிவற்ற இழப்பு’ என்று பெயரிட்டவர் பொலீன் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர். 1970களில் அவர் அதைக் கண்டது வியட்நாமில் காணாமற்போன விமானிகளின் மனைவிமாரிடம். ஓர்ஸ்ஹில்லிலோ மூதூரிலோ படத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்மாரை விளங்கிக்கொள்ள எனக்கு உதவிய சொல், ஒரு படையின் குடும்பங்களிடமிருந்து வந்தது. மறுபக்கமும் உண்மைதான். சிப்பாய்களுக்கு இன்று உலகெங்கும் அளிக்கப்படும் இரண்டு முக்கிய சிகிச்சைகளான நீடித்த வெளிப்படுத்தல் சிகிச்சையையும் (அஞ்சும் நினைவைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்ளப் பழக்குவது) அறிகை முறைவழிச் சிகிச்சையையும் (நடந்ததைப் பற்றிய எண்ணங்களை ஆராய்ந்து மாற்றுவது) எட்னா ஃபோவாவும் பற்றிசியா றெசிக்கும் தொடக்கத்தில் வளர்த்தெடுத்தது பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்களோடு வேலை செய்துதான். படையினரிடம் அவை பரவலாகப் பரிசோதிக்கப்பட்டது பிற்பாடு. நீங்கள் அங்கே கற்பது இங்குள்ளவர்களுக்கு வந்து சேராது என்ற அச்சம் தேவையில்லை.

தொழிலைப் பற்றி நீங்கள் நினைத்திருப்பவை

‘சிப்பாய்களைப் பார்ப்பது ஒரு ஒதுக்குப்புறமான துறை, அதற்குள் போனால் வெளியே வரமுடியாது’ என்று உங்கள் விரிவுரையாளர் ஒருவர் எச்சரித்ததாக எழுதியிருக்கிறீர்கள். வரலாறு அப்படியில்லை. மருத்துவ உளவியல் இன்றைய வடிவில் ஒரு தொழிலாக எழுந்ததே போரிலிருந்து திரும்பியவர்களால்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்காவின் படைவீரர் வைத்தியசாலைகளில் உளநோயாளிகள் நிறைந்திருந்தார்கள்; உளமருத்துவர்கள் போதவில்லை. 1946இல் அந்நாட்டுப் படைவீரர் நிர்வாகம் மருத்துவ உளவியலாளர்களைப் பயிற்றத் தொடங்கியது. அதுவரை பரீட்சைத் தாள்களைத் திருத்துவதுபோல பெரும்பாலும் நுண்ணறிவுச் சோதனைகளையே செய்துவந்த உளவியலாளர்கள் சிகிச்சை அறைக்குள் நுழைந்தது அந்தப் பெருவழியால்தான். ஆய்வாளராகவும் சிகிச்சையாளராகவும் ஒருவரே இருக்கவேண்டும் என்று நீங்கள் படித்திருப்பீர்களே, அந்தக் கொள்கையும் 1949இல் கொலராடோவின் போல்டர் நகர மாநாட்டில் வகுக்கப்பட்டது.

நோயின் பெயருக்கும் அதே கதை. 1915இல் சார்ள்ஸ் மயர்ஸ் என்ற உளவியலாளர் ‘ஷெல் அதிர்ச்சி’ என்ற சொல்லை மருத்துவ இதழொன்றில் பயன்படுத்தினார். வெடித்த ஷெல் மூளையைக் குலுக்கியதால் வருவது என்றே அப்போது பலர் நம்பினார்கள். ஷெல் விழாத இடத்தில் இருந்தவர்களுக்கும் அதே நடுக்கமும் ஊமைத்தனமும் வந்தபோது அந்த விளக்கம் நிலைக்கவில்லை. இன்று நாம் மனவடு நோய் என்று சொல்லும் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட நிலை, 1980இல்தான் அமெரிக்க உளமருத்துவக் கைநூலில் இடம்பெற்றது. வியட்நாமிலிருந்து திரும்பியவர்களும் அவர்களோடு நின்ற சில வைத்தியர்களும் பத்தாண்டு போராடிப் பெற்ற இடம் அது. உப்புவெளியில் நிலாவெளி வீதியோரம் இருக்கும் பிரித்தானியப் போர் மயானத்தைக் கடந்துபோகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் நம் துறைமுகத்தைத் தாக்கின. இறந்தவர்களுக்கு அங்கே கல் இருக்கிறது. அந்தக் காலையைப் பார்த்துவிட்டு உயிரோடு ஊர் திரும்பியவர்களுக்கு, அவர்களைப் பிடித்திருப்பது என்னவென்று சொல்ல ஒரு பெயர்கூட அப்போது இருக்கவில்லை.

‘போருக்குப் போனவர்கள் எல்லோருக்கும் மனவடு நோய் இருக்கும்’ என்ற எண்ணமும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. இல்லை. வியட்நாம் போர்க்களத்தில் இருந்த ஆண்களைப் பற்றி 1980களில் நடந்த பெரிய தேசிய ஆய்வு, அந்நேரத்தில் நூற்றுக்கு 15 பேர் அளவில் அந்நோயோடு இருந்ததாகக் கண்டது. இலங்கைக் கடற்படையின் விசேட அணியினரையும் வழமையான அணியினரையும் ஒப்பிட்ட ஆய்வொன்று, இரு பிரிவிலும் நூற்றுக்கு இரண்டு அளவிலேயே கண்டது. இவ்வளவு குறைவா என்று நீங்கள் கேட்கலாம். அது சேவையில் தொடர்ந்தவர்களிடம் எடுத்த கணக்கு. தாக்குப்பிடித்தவர்களே சேவையில் தங்குகிறார்கள். முகாமைவிட்டுத் தப்பி ஓடிவந்து, ஓய்வூதியமும் இல்லாமல், பிடிபடுவோமோ என்ற பயத்தோடு மேசன் வேலை செய்கிறவரை அந்தக் கணக்கு தொடவில்லை. உங்கள் அறைக்கு வரப்போவது பெரும்பாலும் அப்படியானவர்களும் அவர்களுடைய மனைவிமாரும்தான். வரும்போது ‘மனவடு’ என்று சொல்லிக்கொண்டு வரமாட்டார்கள். சாராயம், முதுகு நோ, நெஞ்சு படபடப்பு, பிள்ளைக்கு அடித்துவிட்டேன் என்ற வெட்கம், இவற்றோடு வருவார்கள்.

நோயின் முகத்தை நம் ஊரில் ஒரே சத்தத்தில் பார்க்கலாம். விடியற்காலை நான்கு மணிக்கு மீன்பிடிப் படகுகள் இயந்திரத்தை இழுத்து உயிர்கொடுக்கும் அந்தச் சத்தம் உங்களுக்குத் தெரியும். கடற்படையிலிருந்து விலகி இங்கேயே குடியேறிய ஒருவர் அந்தச் சத்தத்தில் கட்டிலிலிருந்து கீழே உருண்டு தரையோடு ஒட்டிக் கிடப்பார். அவருக்கு அது தற்கொலைப் படகு. அவருடைய வீட்டிலிருந்து ஐந்து கிலோமீற்றருக்குள், கடற்புலியாக இருந்து புனர்வாழ்வு முடித்து வந்த ஒருவர், துறைமுகப் பக்கமிருந்து கனத்த இயந்திரச் சத்தம் வந்தால் வலையைப் போட்டுவிட்டுக் கரைக்கு ஓடுவார். அவருக்கு அது டோரா, கடற்படையின் அதிவேகத் தாக்குதல் படகு. இருவரையும் ஒரே ஆண்டில், வெவ்வேறு நாட்களில் பார்த்தேன். (இருவரின் விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.) இருவரிடமும் செய்த வேலை ஒன்றுதான்: பாதுகாப்பான ஓர் அறையில், அந்தச் சத்தத்தையும் அதோடு வரும் நினைவையும் சிறிது சிறிதாகத் தாங்கப் பழகுவது; நினைவு முடியும்வரை அதோடு இருந்து, அது முடிந்துபோன ஒன்று என்று உடலுக்குத் தெரியவைப்பது. வாரம் ஒருமுறை, பத்துப் பன்னிரண்டு சந்திப்புகள். கடற்படைக்காரர் பன்னிரண்டையும் முடித்தார். மற்றவர் ஏழாவதோடு நின்றுவிட்டு, ஒன்றரை ஆண்டு கழித்துத் திரும்பி வந்தார். படையினர் என்றால் நாம் சிப்பாயை மட்டும் நினைக்கிறோம். போரின் பின் புனர்வாழ்வு பெற்ற ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகளும் படையிலிருந்து திரும்பியவர்கள்தான். நம்முடைய எல்லைக் கிராமங்களின் முன்னாள் ஊர்காவற்படையினரும் அப்படித்தான். வன்னியில் பின்னர் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் பண்ணைகளில் முன்னாள் போராளிகள் பலர் சம்பளத்துக்கு வேலை செய்தார்கள். ஊர்காவற்படையினர் இருந்த அதே திணைக்களம். இந்தத் துறையில் இருப்பவர் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

தொழிலாக இது நிலைக்குமா என்றால், நிலைக்கும், ஆனால் வசதியாக அல்ல. அரச சேவையில் மருத்துவ உளவியலாளருக்கான இடங்கள் மிகக் குறைவு. திட்டப் பணிகள் நிதி முடியும்போது முடியும். தமிழும் சிங்களமும் தெரிந்த ஒரு மருத்துவ உளவியலாளருக்கு இந்த மாகாணத்தில் வேலை இல்லாமல் போகாது. சிங்களத்தைப் பற்றி ஒன்று: பேராதனை விடுதியில் கற்ற சிங்களம் சந்தைக்குப் போதும், சிகிச்சைக்குப் போதாது. ‘லஜ்ஜா பய’ என்று ஒருவர் சொல்லும்போது அது வெறும் வெட்கமா, ஊர் என்ன சொல்லுமோ என்ற அச்சமா, தன்மேலேயே உள்ள அருவருப்பா என்று பிரித்துக் கேட்கும் அளவுக்கு மொழி வேண்டும். ஓராண்டு அதற்கென்று செலவிடுங்கள்.

கையெழுத்திடுவதற்கு முன் கேட்கவேண்டியவை

முதலாவதாக, அந்த நிலையத்தின் தலைமை உளவியலாளரிடமோ உளமருத்துவ நிபுணரிடமோ அண்ணாவைப் பற்றி நீங்களே சொல்லுங்கள். மறைத்துவிட்டுப் பின்னர் வெளிவந்தால், உள்நோக்கத்தோடு வந்தவர் என்ற பெயர் உங்களுக்கும் உங்களுக்குப் பின் வரும் தமிழ் உளவியலாளர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும். 2006 முதல் 2009 வரை திருகோணமலையில் கடமையில் இருந்தவர்களை வேறொருவர் பார்ப்பார் என்ற ஏற்பாட்டைக் கேளுங்கள். கேட்பது பலவீனமல்ல, சொந்தக்காரரைச் சத்திரசிகிச்சை செய்யமாட்டேன் என்று வைத்தியர் சொல்வதுபோல்தான் இதுவும்.

இரண்டாவதாக, உங்கள் கோப்பு யாருடையது? இதை எல்லோரும் கேட்க மறந்துவிடுகிறார்கள். நீங்கள் எழுதும் குறிப்பை நிர்வாகம் வாசிக்கலாமா, ஒருவருடைய ஓய்வூதியத்தையோ அங்கவீனக் கொடுப்பனவையோ தீர்மானிக்க அது பயன்படுமா என்று எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். கொடுப்பனவு உங்கள் பேனாவில் தொங்கினால், நோயாளி உங்களிடம் உண்மையைச் சொல்ல முடியாது. நலமடைவதே அவருக்கு நட்டமாகிவிடும்.

மூன்றாவதாக இரகசியம். “நோயாளி சொல்வது எதையும் நான் வெளியே சொல்லக்கூடாது, நீதிமன்றமே கேட்டாலும்” என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல. சட்டத்தரணிக்கும் அவருடைய கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சுக்கு நமது சாட்சியக் கட்டளைச் சட்டம் தரும் பாதுகாப்பை, உளவியலாளருக்கு அது தரவில்லை. நீதிமன்றம் அழைத்தால் நீங்கள் சாட்சிக் கூண்டில் நிற்கவேண்டி வரலாம். ஆகவே ஒரு சட்டத்தரணியிடம் முன்கூட்டியே ஆலோசனை பெற்று, எதுவரை இரகசியம் காக்க முடியும் என்பதை ஒவ்வொரு நோயாளிக்கும் முதல் சந்திப்பிலேயே, அவருடைய மொழியில், அவர் எதையும் சொல்லத் தொடங்குமுன் விளக்குங்கள். தற்கொலை ஆபத்து இருந்தால் குடும்பத்தையோ வைத்தியசாலையையோ நாடுவீர்கள் என்பதையும் அப்போதே சொல்லுங்கள். தற்கொலை முயற்சி நம் நாட்டில் 1998 முதல் குற்றமல்ல என்பது பல சிப்பாய்களுக்கு இன்னும் தெரியாது. பொலிசுக்குப் பயந்து வாய்திறக்காதவர்களை நான் கண்டிருக்கிறேன். இரவில் ஒருவருக்குத் தேவைப்பட்டால் அழைக்க 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

நான்காவது, வாரம் ஒரு மணித்தியாலம் உங்களுக்கென்று ஒரு மூத்தவரின் மேற்பார்வை, வேலை நேரத்துக்குள். இதை மறுக்கும் இடத்தில் எந்தச் சம்பளத்துக்கும் சேராதீர்கள். பிறருடைய போரை நாள் முழுவதும் கேட்கும் ஒருவருக்கு அந்தப் போரின் கனவுகள் வருவது கதையல்ல, நம் தொழிலின் அறியப்பட்ட ஆபத்து. ஏற்கெனவே உங்கள் வீட்டில் ஒரு போர் இருக்கிறது.

இந்த நான்கில் முதலாவதற்கும் நான்காவதற்கும் ‘முடியாது’ என்ற பதில் வந்தால், பாதிச் சம்பளத்துக்கான வைத்தியசாலைக் கிளினிக்கை எடுங்கள். அங்கே உங்கள் முன் வரிசையில் இறால் பண்ணைக்காரரும், கணவனை இழந்தவரும், ஊர்காவற்படையில் இருந்தவரும், கிண்ணியாவிலிருந்து வரும் ஆசிரியையும் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பார்கள். ஓராண்டில் உங்கள் கோபம் எங்கே எழுகிறது, எங்கே எழவில்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும். சிப்பாய்களுக்கான வேலை அப்போதும் இருக்கும். நான்குக்கும் சரி என்றால், போங்கள். கோபம் இருப்பதால் தகுதி இல்லை என்று எண்ண வேண்டாம். கோபமே இல்லை என்று நீங்கள் எழுதியிருந்தால்தான் நான் தடுத்திருப்பேன்.

அண்ணாவைத் தேடுவது

தேடுவதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. அதை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோங்கள். காணாமற்போனோர் அலுவலகத்தில் முறைப்பாடு பதிவாகியிருக்கிறதா, சாட்சிகளின் விவரம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த வேலையை நீங்கள் செய்யாமல், குடும்பத்தில் வேறொருவரும் ஒரு சட்டத்தரணியும் நடத்தட்டும். அந்த அலுவலகத்தில் எங்கள் தாய்மாருக்கு நம்பிக்கை குறைவு என்பது எனக்குத் தெரியும், அந்தக் குறைக்குக் காரணமும் உண்டு. எனினும் முறைப்பாடு எழுத்தில் இருக்கவேண்டும். காணி, வங்கிக் கணக்கு போன்ற அலுவல்களுக்காக அம்மாவை மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி யாராவது நெருக்கினால், 2016ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தின் பின்னர் மகன் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளாமலே, அவர் காணப்படவில்லை என்று மட்டும் பதியும் சான்றிதழைப் பெறமுடியும் என்பதைச் சொல்லுங்கள். பல தாய்மாருக்கு அந்த ஒரு வேறுபாடு பெரிய ஆறுதல்.

சிகிச்சை அறையில் ஒருவர், நீங்கள் கேட்காமலே, அண்ணாவோடு தொடர்புடையதாகத் தோன்றும் ஒன்றைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது? அந்தச் சந்திப்பை அமைதியாக முடியுங்கள். மேலதிகமாக ஒரு கேள்வியும் கேட்க வேண்டாம். அன்றே மேற்பார்வையாளரிடம் போங்கள். அந்த நோயாளியை அதற்குப் பின் வேறொருவர் பார்க்கட்டும். சட்டப்படி என்ன செய்யவேண்டும் என்பதை முன்பே பேசிவைத்திருக்கும் சட்டத்தரணி சொல்வார். எழுதுவது இலகு. அந்த மாலை உங்களுக்கு மிகவும் கடினமாக இருக்கும், அன்று வீட்டுக்குத் தனியே போகாதீர்கள்.

அம்மாவிடம் வேலையைப் பற்றி வாதாட வேண்டாம். வேலைக்குச் சேர்ந்தால் மறைக்கவும் வேண்டாம். இந்த ஊரில் மூன்று நாளில் தெரிந்துவிடும், அதை அவர் பிறர் வாயால் கேட்கக்கூடாது. “அண்ணாவைப் பற்றி அங்கே நான் யாரிடமும் கேட்கமாட்டேன், அதற்கு வேறு வழி செய்திருக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, அந்த வழியைக் காட்டும் முறைப்பாட்டுப் பிரதியை அவர் கையில் கொடுங்கள். அவர் ஏற்பாரா என்று எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு அவரோடு கூடவே போங்கள்.

இனி, ‘எந்த ஊர்’ என்று நோயாளி கேட்டால் என்ன சொல்வது என்ற கேள்வி. அவர்கள் நிச்சயமாகக் கேட்பார்கள், பெரும்பாலும் முதல் ஐந்து நிமிடத்திலேயே. திருகோணமலை என்று சொல்லுங்கள். அடுத்ததாக, போரில் உங்கள் வீட்டில் யாருக்காவது ஏதும் நடந்ததா என்று சிலர் கேட்பார்கள். அது பெரும்பாலும் நீங்கள் தன்னை வெறுக்கிறீர்களா என்ற கேள்விதான். “என் குடும்பத்துக்கும் இழப்பு உண்டு. இந்த ஒரு மணித்தியாலம் உங்களுடையது. என்னோடு பேசுவது உங்களுக்குக் கடினமென்றால் வேறொருவரை ஒழுங்கு செய்து தருவேன்” என்று சொல்லிவிட்டு, அவர் யோசிக்கும்வரை பேசாமல் இருங்கள். சிலர் எழுந்து போவார்கள். என்னிடம் அப்படிக் கேட்டவர்களில் பெரும்பாலானோர், சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உறக்கம் வருவதில்லை என்றுதான் தொடங்கினார்கள்.